அடித்துப் பழக்காமல் கொடுத்துப் பழக்குவோம்



இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் பிள்ளை வளர்ப்பு, சேமிப்பு, உடல்நலம், மனநலம் என்று பேசி வருகிறோம். இம்முறை நாய் வளர்ப்பைப் பற்றிப் பேசப் போகிறோம். "பேச வேறு விடயமே கிடைக்கவில்லையா, மிஸ்?" என்று சிலர் கேட்கக்கூடும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களுக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒன்று தெரியும். லயம் இருக்கும் இடத்தில் நாயும் இருக்கிறது. ஆனால் அந்த நாய்க்கு எதையும் ஒழுங்காகப் பழக்கிக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு.

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்திலும் சரி, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்திலும் சரி, பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் பல உள்ளன. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்களை இழந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் நம்மில் உண்டு. அங்கேயும் யுத்தத்தில் அகப்பட்டு, கணவனையோ மகனையோ பறிகொடுத்து, உறவினரைத் தேடித் திரும்பவும் தோட்டத்துக்கு வந்தவர்களும் உண்டு. இப்படித் தனியாக வாழும் ஒரு சகோதரிக்கு இஸ்தோப்பில் படுத்திருக்கும் நாய்தான் இராக்காவல். விடியற்காலையில் பால் வெட்டப் போனாலும், கொழுந்து எடுக்கப் போனாலும், வீட்டில் இருக்கும் வயதான தாய்க்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் துணை.

அந்தத் துணையே சில நேரம் ஆபத்தாகவும் மாறுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தடுப்பூசி நாளில் நடப்பது

விசர்நாய்க்கடிக்கு எதிரான தடுப்பூசியை நாய்களுக்கு இலவசமாகப் போடுவதற்குச் சுகாதாரப் பகுதியினர் ஊர்களுக்கும் தோட்டங்களுக்கும் வருகிறார்கள். எல்லாரும் தங்கள் நாயைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஆனால் நடப்பது என்ன? கயிற்றைக் கண்டதும் நாய் தேயிலைக்குள்ளோ இறப்பர் மலைக்குள்ளோ ஓடிவிடுகிறது. பிள்ளைகள் கல்லெறிந்து துரத்துகிறார்கள். பெரியவர்கள் தடியோடு சுற்றி வளைக்கிறார்கள். பிடிபட்ட நாய் பிடித்தவரையே கடிக்கிறது. பிடிபடாத நாய் ஊசி இல்லாமல் இன்னொரு வருடத்தைக் கழிக்கிறது.

விசர்நோய் சாதாரண நோயல்ல. நோயுள்ள மிருகத்தின் உமிழ்நீரிலிருந்து கடி மூலமோ கீறல் மூலமோ இது பரவுகிறது. மனிதருக்கு நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. உலகில் மனிதருக்கு இந்நோய் வருவதில் 100க்கு 99 பங்கு நாய்களாலேயே என்றும், சிறுவர்கள் இந்நோய்க்கு அடிக்கடி ஆளாகிறார்கள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1973இல் நமது நாட்டில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். பிற்காலத்தில் இந்தத் தொகை பெருமளவு குறைந்தது. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதும், கடிபட்டவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் ஊசி கிடைத்ததுமே இதற்கு முக்கிய காரணங்கள். ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 100க்கு 70க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்கு.

ஆகவே ஒரு நாய் கூப்பிட்டவுடன் வந்து, தொட்டால் பேசாமல் நின்றால், நம் பிள்ளைகளின் உயிருக்கு அது ஒரு காவல். கூப்பிட்டால் ஓடும் நாயாக இருந்தால் ஊசி போட வருகிறவர் என்ன செய்ய முடியும்?

நாய் ஏன் ஓடுகிறது?

நாம் நாயைப் பழக்கும் விதத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். சட்டியில் வாய் வைத்தால் விறகுக் கட்டையால் ஓர் அடி. கோழியைத் துரத்தினால் ஒரு கல். ஓடிப் போன நாயைக் கூப்பிடுகிறோம். அது வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. வந்ததும் "எங்கே போனாய்?" என்று அடிக்கிறோம். ஓடிப் போனதற்குத்தான் அடித்தோம் என்பது நம்முடைய எண்ணம். நாய்க்கு விளங்குவது வேறு. கூப்பிட்டார்கள், வந்தேன், அடி விழுந்தது என்றே அது கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை கூப்பிட்டால் அது வருமா?

ரஷ்யாவின் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி உணவு சமிபாடு பற்றி நாய்களை வைத்து ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்றார். உணவு வாய்க்கு வரும் முன்னரே, உணவுக்கு முன்னோடியாக வருகிற சத்தத்துக்கும் ஆளுக்கும் கூட நாய்க்கு எச்சில் ஊறுவதை அவர் கவனித்தார். அதாவது, எதற்குப் பின் எது வரும் என்பதை நாய் மனதில் கோத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் தோண்டைக் என்பவர் ஏறத்தாழ அதே காலத்தில் பூனைகளை வைத்து இன்னொன்றைக் காட்டினார். நல்ல பலன் தந்த செயலை மிருகம் திரும்பத் திரும்பச் செய்யும். பலன் தராத செயலை மெல்ல விட்டுவிடும். நாய்க்கு நமது பேச்சும் புத்திமதியும் புரியாது. ஒன்றைச் செய்த அடுத்த கணம் என்ன கிடைத்தது என்பது மட்டுமே அதற்குப் பாடம்.

2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில் போர்த்துக்கல் நாட்டின் பயிற்சிப் பள்ளிகளில் 92 நாய்களைக் கவனித்தார்கள். அதட்டியும் இழுத்தும் பழக்கப்பட்ட நாய்கள், உணவு போன்ற பரிசு கொடுத்துப் பழக்கப்பட்ட நாய்களைவிட அதிகம் பதற்றம் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் எச்சிலில் மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பும் கூடியிருந்தது. பயந்து நடுங்கும் உயிருக்குப் பாடம் ஏறாது. குண்டுச் சத்தத்துக்கு நடுவே பதுங்கு குழியில் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க முயன்ற தாய்மாருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

வடக்கில் வேலை செய்த நாய்கள்

பரிசு கொடுத்துப் பழக்குவது செல்லம் கொஞ்சும் வேலை என்று நினைக்க வேண்டாம். நம்மில் பலருக்குத் தெரிந்த ஓர் உதாரணம் வடக்கிலேயே இருக்கிறது. யுத்தத்துக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, முகமாலைப் பக்கங்களில் கண்ணிவெடிகளை அகற்றிய பிறகே சனங்கள் காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. யுத்தத்தில் கணவரை இழந்த பெண்கள் பலரும் அந்த வேலையில் இருந்தார்கள். வெளிநாட்டு நன்கொடையாக வந்த மோப்ப நாய்களும் இலங்கையில் அந்தப் பணியில் ஈடுபடுத்தப்பட்டன.

அந்த நாய்க்கு வெடிமருந்தின் மணத்தை அறிமுகப்படுத்துவார்கள். அந்த மணம் பட்டதும் கிளறாமல், குரைக்காமல், அசையாமல் உட்கார்ந்தால் உடனே அதற்குப் பிடித்த பரிசு கிடைக்கும். சில பயிற்சியாளர் உணவு கொடுப்பார்கள், சிலர் விளையாடப் பந்து கொடுப்பார்கள். எந்த நாய்க்கு எது பிரியமோ அதுவே அதற்குப் பரிசு. இங்கே அடி உதவவே உதவாது. அடிக்குப் பயந்த நாய், மணம் வந்தாலும் வராவிட்டாலும் தப்புவதற்காக உட்கார்ந்துவிடும். அதை நம்பிக் கால் வைப்பவரின் கதி என்ன?

நாய் மட்டுமல்ல, எலியும் இப்படிப் பழகுகிறது. தன்சானியா நாட்டில் பிறந்த மகாவா என்ற பெரிய எலியை அப்போப்போ என்ற நிறுவனம் வாழைப்பழமும் நிலக்கடலையும் போன்ற உணவைப் பரிசாகக் கொடுத்துப் பழக்கியது. அது கம்போடியாவில் 5 ஆண்டுகள் வேலை செய்து 100க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் கண்டுபிடித்தது. 2020இல் அதற்கு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் அது வயதாகி இறந்தது. ஒரு துண்டு வாழைப்பழத்துக்கு இவ்வளவு செய்யும் எலி இருக்கும்போது, நம் வீட்டு நாய் கூப்பிட்டதும் வருவதற்குப் பழகாதா?

"எங்களுக்கே பத்தல, மிஸ்"

மாதர் சங்கக் கூட்டமொன்றில் இதைச் சொன்னபோது வயதான ஓர் அம்மா எழுந்து, "நாங்க திங்கிறதுக்கே பத்தல, மிஸ். இதுல நாய்க்கு வேற பரிசா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாச் சாமானும் அரிசியும் விலையேறிப்போன காலத்தில் யாருக்கும் இந்த நினைப்பு வரும்.

பதில் இதுதான். நாய்க்கென்று புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. இரவில் எப்படியும் அதற்கு ஒரு பிடி சோறோ காய்ந்த ரொட்டியோ போடுகிறோம். அதில் கொஞ்சத்தை எடுத்து வையுங்கள். ரொட்டியைச் சுண்டுவிரல் நகம் அளவில் பிய்த்தால் பாதி ரொட்டியில் பல துண்டுகள் வரும். நாய்க்கு வயிறு நிறைவது முக்கியமல்ல, எத்தனை முறை கிடைக்கிறது என்பதே முக்கியம். கடினமான பாடத்துக்கு மட்டும் நெத்தலித் தலையோ கருவாட்டுத் துணுக்கோ வைத்துக்கொள்ளலாம். உப்பை நன்றாகக் கழுவிவிட்டுக் கொடுங்கள்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. சாக்லேட், வெங்காயம், பிளம்ஸ் என்று நாம் சொல்லும் முந்திரிகை வற்றல் ஆகியவை நாய்க்கு நஞ்சாகலாம். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். மிளகாய்க் கறி போட்ட சோறும் வேண்டாம்.

எப்படித் தொடங்குவது?

நாய் பசியோடு இருக்கும் நேரமே பாடத்துக்கு நல்ல நேரம். வேலை முடிந்து வந்து குளித்த பிறகு, சாப்பாடு போடும் முன் ஐந்து நிமிடம் போதும். சத்தமில்லாத இடமாக இருக்கட்டும். ஒரு நாளில் ஒரு பாடம் மட்டும்.

முதலாவது, பெயர். நாயின் பெயரைச் சொல்லுங்கள். அது உங்களைத் திரும்பிப் பார்த்த கணமே "சரி" என்று சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். எந்தச் சொல்லானாலும் பரவாயில்லை, ஆனால் எப்போதும் அதே சொல்லாக இருக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லாரும் அதையே சொல்ல வேண்டும். சொல்லும் துண்டும் ஒன்றிரண்டு விநாடிக்குள் போய்ச்சேர வேண்டும். பிந்திக் கொடுத்தால், அதற்குள் நாய் வேறேதாவது செய்திருக்கும். அதற்கே பரிசு என்று நினைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, வருதல். இரண்டடி தூரத்தில் நின்று "வா" என்று கூப்பிடுங்கள். வந்தால் "சரி", ஒரு துண்டு. பிறகு ஐந்தடி, பிறகு இஸ்தோப்பின் மறுகோடி, பிறகு பீலிக்கரையிலிருந்து. வராவிட்டால் துரத்த வேண்டாம், திட்ட வேண்டாம். தூரத்தைக் குறைத்துத் திரும்பத் தொடங்குங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கூப்பிட்டு வந்த நாயை ஒருபோதும் அடிக்கக் கூடாது, அது என்ன செய்துவிட்டு வந்திருந்தாலும் சரி.

மூன்றாவது, உட்காருதல். துண்டை நாயின் மூக்குக்குக் கிட்டப் பிடித்து மெல்லத் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். தலை உயரும்போது பின்பக்கம் தானாகத் தாழும். உட்கார்ந்ததும் "சரி", துண்டைக் கொடுங்கள். சில நாள் சென்றதும் கையில் துண்டில்லாமல் அதே சைகையைக் காட்டுங்கள். உட்கார்ந்த பின் மற்றக் கையால் எடுத்துக் கொடுங்கள். பிள்ளைகள் மேல் பாய்கிற நாய்க்கு இது நல்ல மருந்து. பாய்ந்தால் யாரும் கவனிக்கக் கூடாது. உட்கார்ந்தால் மட்டும் துண்டு.

நான்காவது, ஊசிக்கு ஒத்திகை. இதுவே நமக்கு மிக முக்கியமானது. ஒரு நாள் கழுத்தைத் தொட்டுத் துண்டு கொடுங்கள். அடுத்த நாள் முதுகு, பின் தொடை, காது. பிறகு கயிற்றை நிலத்தில் போட்டு, நாய் முகர்ந்தால் துண்டு. பிறகு கழுத்தில் மெதுவாகப் போட்டு உடனே கழற்றித் துண்டு. பிறகு கட்டியபடி நாலடி நடத்தித் துண்டு. அதன் பின் ஒருவர் துண்டு கொடுத்துக்கொண்டிருக்க, மற்றவர் தோளருகே தோலை மெதுவாகக் கிள்ளிப் பிடித்து விடலாம். இப்படி இரண்டு மூன்று வாரம் பழகிய நாய்க்குக் கயிறு என்றால் பயம் இருக்காது. ஊசி போடும் நாளில் சேலை முந்தானையில் ஒரு நெத்தலியை முடிந்துகொண்டு போங்கள். ஊசி ஏறும்போதும் ஏறிய பிறகும் கொடுங்கள்.

ஐந்தாவது, இராக்குரைப்பு. இரவில் நாய் குரைத்தால் நெஞ்சு படபடக்கிற சகோதரிகள் பலரை எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நாய் குரைத்தால் வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பயம் உடம்பை விட்டு இலகுவில் போகாது. நாயை அடித்துக் காவலையும் கெடுக்க வேண்டாம். குரைத்தால் எழுந்து பாருங்கள். பிறகு "போதும்" என்று ஒருமுறை அமைதியாகச் சொல்லிக் காத்திருங்கள். அது வாயை மூடிய கணம் "சரி", ஒரு துண்டு. நாளடைவில் "போதும்" என்றதும் அடங்கும். வாசலில் யார் என்று சொல்வது நாயின் வேலை, எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்வது உங்கள் வேலை.

லஞ்சம் ஆகாதா?

"எப்பவும் தின்ன ஏதாவது காட்டினாத்தான் கேட்கும்னு ஆயிடாதா, மிஸ்?" என்பது இன்னொரு சகோதரியின் கேள்வி. நல்ல கேள்வி. துண்டைக் காட்டிக் காட்டி வேலை வாங்கினால் அப்படித்தான் ஆகும். வேலையைச் செய்து முடித்த பின் கொடுத்தால் அது கூலி. நாம் பேர் விழுந்த பின் சம்பளம் வாங்குவது போலத்தான். ஆகவே முதல் சில நாளுக்குப் பிறகு துண்டை மடியில் மறைத்து வையுங்கள். பாடம் நன்றாகப் படிந்ததும் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு முறைக்கு ஒன்று, பிறகு ஐந்து முறைக்கு ஒன்று, இடையில் ஒரு தடவல், ஒரு நல்ல வார்த்தை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காக நாய் இன்னும் ஆவலாகவே செய்யும். ஊசி, கயிறு போன்ற கடினமான பாடங்களுக்கு மட்டும் எப்போதும் கொடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

இந்தப் பயிற்சி உங்கள் வீட்டு நாய்க்கு மட்டுமே. தெரியாத நாயிடம் உணவோடு கிட்டப் போக வேண்டாம். வழக்கத்துக்கு மாறாக நடக்கும், எச்சில் வடிக்கும், விழுங்க முடியாமல் தவிக்கும் நாயைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே எடுத்துக்கொண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். சாப்பிடும் நாயின் சட்டியைப் பறிக்கவோ, அந்த நேரம் பிள்ளைகளைக் கிட்ட விடவோ வேண்டாம். சின்னப் பிள்ளைகள் துண்டு கொடுப்பதானால் பெரியவர் பக்கத்தில் இருக்க, உள்ளங்கையை விரித்து அதில் வைத்துக் கொடுக்கட்டும். விரலால் பிடித்துக் கொடுத்தால் கடி விழலாம்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், உங்கள் சொந்த நாயாக இருந்தாலும், உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் பூச வேண்டாம். பேர் போய்விடும் என்று நாளைக்குத் தள்ளிப்போடாமல் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி தேவையா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். அங்கே அதற்குப் பணமில்லை. கடித்த நாயை அடித்துக் கொல்லவும் வேண்டாம். முடியுமானால் ஆபத்தில்லாமல் கட்டி வைத்து 14 நாள் கவனியுங்கள். நாய்க்கு என்ன ஆகிறது என்பது வைத்தியருக்குத் தெரிய வேண்டும். நாய்த் தடுப்பூசி நாளை முன்கூட்டியே அறிய உங்கள் பகுதி எம்.ஓ.எச். அலுவலகத்தில் கேட்கலாம். ஊசி போட்டதற்குத் தரும் அட்டையைப் பிள்ளைகளின் கிளினிக் அட்டையோடு பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. பிள்ளை நாயல்ல, பிள்ளையை நாயைப் போல் பழக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் நீங்கள் நாயைப் பழக்குவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். தடியும் துவக்கும்தான் எதையும் சாதிக்கும் என்று காட்டிய ஒரு காலத்தை நாம் கடந்து வந்திருக்கிறோம். அடிக்காமலும் ஓர் உயிரைச் சொல் கேட்க வைக்கலாம் என்பதைப் பிள்ளை தன் வீட்டு இஸ்தோப்பில் கண்ணால் காண்பது நல்லது. இன்று மாலையே பாதி ரொட்டியோடு தொடங்குங்கள். உங்கள் நாய் என்ன கற்றுக்கொண்டது என்பதை அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.